கவின்கலை படிக்கப் போகிறவர்கள் செய்யக் கூடாத தவறுகள்

எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர விரும்பும் பிள்ளைகளின் படக்கட்டைப் பிரித்தால் பெரும்பாலும் நடிகர்களின் முகங்கள்தான் இருக்கும். போட்டோவில் கட்டம் போட்டு, முடி முடியாகத் தீட்டி, நிழலைப் பஞ்சால் தேய்த்து வழவழப்பாக்கிய படங்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஆயத்தம் அதோடு நின்றுவிடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. போட்டோவில் உலகத்தைத் தட்டையாக்கும் வேலையைக் கேமரா முடித்துவிடுகிறது. வகுப்பிலோ அதை உங்கள் கண்தான் செய்தாக வேண்டும்.

ஓர் எவர்சில்வர் டம்ளரை எதிரே வையுங்கள். கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரலை நகர்த்தி உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவில் அகலம் எத்தனை பங்கு என்று பாருங்கள். டம்ளரின் வாய் வட்டம் என்று மனம் அடித்துச் சொல்லும். கண்ணுக்குத் தெரிவது நீள்வட்டம். அடி விளிம்பு கண் மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால் அதன் வளைவு கூடுதலாகத் தெரியும். புதியவர்கள் அதை நேர்கோடாக இழுத்துவிடுகிறார்கள். டம்ளர் மேசையில் உட்காராமல் ஒட்டவைத்ததுபோல நிற்கிறது. இப்படித் தினம் ஒரு பொருளை வரைந்தால் போதும், கண் திருந்திவிடும்.

அடுத்தது, பக்கத்திலேயே இருக்கும் அரசு அருங்காட்சியகத்தை எட்டிப் பார்க்காமல் படிப்பை முடிப்பது. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் வியந்து எழுதிய திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். தூக்கிய காலின் எடையை ஊன்றிய கால் எப்படித் தாங்குகிறது என்று சுற்றிவந்து பார்த்து வரையும் வாய்ப்பு எல்லா ஊர் மாணவருக்கும் கிடைப்பதில்லை.

ஓவியத்தில் இடம் கிடைக்கவில்லை என்று துணி வடிவமைப்பிலோ சுடுமண் கலையிலோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சேர்கிறவர்கள் உண்டு. இந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் உருவாக்கிய சோழமண்டலக் கலைஞர் கிராமத்தில், பாத்திக் (மெழுகிட்டுச் சாயமேற்றிய துணி) போன்ற கைவினைகளை விற்ற பணம்தான் ஓவியர்களுக்குச் சோறு போட்டது. கைத்தொழிலை மட்டமாக நினைக்க வேண்டாம். மரபுச் சிற்பம்தான் உங்கள் ஆசை என்றால் அதற்கென்றே மாமல்லபுரத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் எழும்பூரில் சேர்ந்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்களை நினைத்தால் ஆதங்கமாக இருக்கிறது.

இசைப் பக்கம் வந்தால் தவறு வேறு மாதிரி. 1949இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய கல்லூரிதான் இன்றைய தமிழ்நாடு அரசு இசைக்கல்லூரி. நன்றாகப் பாடும் பிள்ளைகள் இலட்சணம் என்ற இசைக் கோட்பாட்டுப் பாடத்தைத் தேர்வுக்கு முந்தைய இரவு மனப்பாடம் செய்கிறார்கள். 72 மேளகர்த்தாக்களின், அதாவது தாய் ராகங்களின், பெயர்களை ஒப்பிப்பதால் பயனில்லை. 36ஆவது மேளத்தின் சுத்த மத்தியமம் (தாழ்ந்த ‘ம’ சுரம்) பிரதி மத்தியமமாக (உயர்ந்த ‘ம’) மாறினால் 72ஆவது கிடைக்கிறது என்பதைப் பாடிப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். 36ஆவதான சலநாட்டையைப் பாடிவிட்டு மத்தியமத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். 72ஆவதான ரசிகப்பிரியா வந்து நிற்கும்.

கட்டணம் குறைவு என்று நம்பிப் பொருட்செலவை மறந்துவிடுகிறார்கள் பெற்றோர். வண்ணம், கித்தான், தூரிகை எல்லாம் நான்கு ஆண்டும் வாங்க வேண்டியவை. சேரும்போதே மாதச் செலவில் அதற்கென ஒரு தொகையை ஒதுக்குங்கள். முதலாண்டில் விலை உயர்ந்த வண்ணங்களை வாங்கிக் குவிக்காமல் மலிவான காகிதத்தைக் கட்டுக்கட்டாக வாங்கிக்கொடுங்கள்.