ஃபைல் ஒன்றும் போகாமல் ஓஎஸ் போடுவது எப்படி

ப்ளூ ஸ்கிரீன் வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டரைக் கடையில் வைத்து, "ஃபார்மட் அடிச்சுக் குடுங்க" என்று சொன்னால் கடைக்காரர் சொன்னதைத்தான் செய்வார். பத்து வருஷ போட்டோவும் கணக்கும் போன பிறகு அவரிடம் சண்டை போட முடியாது. "டேட்டாவை எடுத்து வெச்சிட்டு, சரியா இருக்கான்னு காட்டிட்டு, அப்புறம் ஓஎஸ் போடுங்க" என்று சொல்ல வேண்டும். (ஓஎஸ் என்பது விண்டோஸ் போல கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்.) இதே வேலையை வீட்டிலும் செய்யலாம். தேவையானவை: 8 ஜிபி பென்டிரைவ் இரண்டு (ஒன்று லினக்ஸுக்கு, ஒன்று விண்டோஸுக்கு), டேட்டா முழுவதும் கொள்ளும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், கொஞ்ச நேரத்துக்கு இன்னொரு நல்ல கம்ப்யூட்டர்.

"டேட்டா எல்லாம் டி டிரைவ்ல தான் கீது, ஒண்ணும் ஆவாது" என்ற நம்பிக்கை வேலூர் பக்கம் நிறைய பேருக்கு உண்டு. அது பாதிதான் சரி. சி டிரைவை மட்டும் அழித்தால் டி டிரைவ் தப்பிக்கும். ஆனால் பெரும்பாலான கம்ப்யூட்டரில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். போதாக்குறைக்கு டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் எல்லாம் இருப்பது சி டிரைவில்தான்.

கோளாறு விண்டோஸில்தானா?

ஓஎஸ் மாற்றினால் சாஃப்ட்வேர் கோளாறு மட்டும்தான் போகும். சூடு, ராம், டிஸ்க், பவர் சப்ளை இவற்றில் ஒன்று பழுதாக இருந்தால் புது விண்டோஸும் ஒரு வாரத்தில் விழும். இன்ஸ்டால் பாதியிலேயே நின்றாலும் நிற்கும். இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நல்ல கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை (இரண்டும் இலவச லினக்ஸ் ஓஎஸ்) டவுன்லோட் செய்து, ரூஃபஸ் என்ற இலவச சாஃப்ட்வேர் மூலம் பென்டிரைவில் ஏற்றுங்கள். பழுதான கம்ப்யூட்டரை அந்தப் பென்டிரைவிலிருந்து பூட் செய்து (அதாவது அதிலிருந்து தொடங்க வைத்து; அதற்கான கீகள் கீழே உள்ளன), இன்ஸ்டால் செய்யாமல், சும்மா ஓட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரம் யூட்யூப் ஓடியும் நிற்கவில்லை என்றால் சந்தேகம் விண்டோஸ் மேலும் டிஸ்க் மேலும் விழுகிறது. அங்கேயும் நின்றுபோனால் விண்டோஸ் மேல் பழி போடாதீர்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, காலையில் நன்றாக ஓடி மதியம் மட்டும் அணைந்து போகிற கம்ப்யூட்டர் என்றால் முதலில் ஃபேனைப் பாருங்கள். ஹீட்சிங்க்கில் தூசி அடைத்திருக்கும், பிராசஸர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும். ராமைக் கழற்றி, தங்க நிறப் பல் வரிசையை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினால் தீர்ந்துவிடும் கோளாறுகளும் உண்டு. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள்.

டிஸ்க்கைப் பார்க்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். அதில் ரீஅலொகேட்டட் செக்டார், கரண்ட் பெண்டிங் செக்டார் என்று கெட்ட இடங்களைக் கணக்கிடும் வரிகளில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்து மஞ்சளில் எச்சரிக்கை வந்தால், அந்த டிஸ்க்கில் ஓஎஸ் போடுவது வீண். டிஸ்க் "டிக் டிக்" என்று தட்டுகிற சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள்; ஓட ஓட டேட்டா கூடுதலாகக் கெடும், அது ரிகவரி செய்பவர்களின் வேலை. டிஸ்க் மேல் சந்தேகம் இருக்கும்போது செக் டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பு) ஓட்டக் கூடாது. அது ஃபைல் அமைப்பைச் சரிசெய்யும் வேலையில் டிஸ்க்கைப் படித்து, எழுதி, உயிரோடிருக்கும் கடைசி நேரத்தையும் தின்றுவிடும். பூட் ஆகும்போது தானாகத் தொடங்கினால், திரையில் சொல்கிற நேரத்துக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தித் தவிர்த்துவிடுங்கள்.

டேட்டாவை வெளியே எடுப்பது

முழு வேலையில் முக்கியமானது இதுதான். இதற்குப் பிறகு வருவதெல்லாம் தவறினாலும் திரும்பச் செய்யலாம்.

விண்டோஸ் அரை மணி நேரமாவது அணையாமல் ஓடுமென்றால் அதிலேயே காப்பி செய்யுங்கள். ஓடவில்லை என்றால் மேலே சொன்ன லினக்ஸ் பென்டிரைவே போதும்: பூட் செய்து, ஃபைல்ஸ் திறந்து, விண்டோஸ் டிரைவைச் சொடுக்கினால் யூசர்ஸ் ஃபோல்டர் தெரியும். டிரைவ் திறக்க மறுத்தால், அல்லது படிக்க மட்டும் விட்டால், பெரும்பாலும் விண்டோஸ் முழுசாக அணையாமல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் நிலையில் தூங்குகிறது என்று அர்த்தம். காப்பி எடுக்கப் படிக்க முடிந்தாலே போதும். கட்டாயப்படுத்தி எழுதும் நிலைக்குக் கொண்டுவர வேண்டாம்.

லினக்ஸ் கையில் இல்லை, விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ் (ரூஃபஸ் மூலம் விண்டோஸ் ஏற்றியது) மட்டும் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. அதிலிருந்து பூட் செய்து, மொழி கேட்கும் முதல் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்தினால் கறுப்பு கமாண்ட் திரை வரும். (சில லேப்டாப்பில் எஃப்என் கீயும் சேர்க்க வேண்டும்.) அங்கே நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டி, ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து, கீழே "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றினால், அந்தச் சின்ன ஜன்னலே ஃபைல் எக்ஸ்புளோரராக வேலை செய்யும். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, வெளி டிஸ்க்கில் பேஸ்ட். எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டாது; ஜன்னல் உறைந்ததுபோல் நிற்கும், அதைப் பார்த்து அணைத்துவிடாதீர்கள். டிரைவ் எழுத்துகளும் அங்கே மாறியிருக்கும், வழக்கமான சி அங்கே டி ஆக இருக்கலாம். உள்ளே திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

கமாண்ட் திரையில் ஃபைல் காப்பி செய்யும் ரோபோகாப்பி பழக்கமுள்ளவர்கள் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் ஆர், டபிள்யூ இரண்டு ஆப்ஷனுக்கும் 1 கொடுக்காமல் தொடங்காதீர்கள். ஒரு ஃபைல் படிக்க வரவில்லை என்றால் அது வழக்கமாக 30 நொடி இடைவெளியில் 10 லட்சம் தடவை முயலும். ஒரே ஒரு கெட்ட போட்டோவில் ராத்திரி முழுக்க நிற்கும். எக்ஸ்ஜே ஆப்ஷனும் சேர்த்தால் பழைய "அப்ளிகேஷன் டேட்டா" குறுக்குவழிகளுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருக்காது.

வெளி டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல், உதாரணமாக கல்யாண வீடியோ, ஏறாது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கட்டும்.

யூசர்ஸ் ஃபோல்டரை முழுசாக எடுங்கள், தேர்ந்தெடுக்க வேண்டாம். அதற்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவில்தான் குரோம் புக்மார்க் உட்படப் பல விஷயங்கள் இருக்கின்றன. அங்கே அடங்காதவை இவை:

- டேலி (கணக்கு சாஃப்ட்வேர்): கம்பெனி டேட்டா யூசர்ஸ் ஃபோல்டருக்கு வெளியேயும் இருக்கலாம். எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும் டேட்டா ஃபோல்டரை முழுசாக எடுங்கள். டேலி திறக்கிற நிலையில் இருந்தால் லைசென்ஸையும் சரண்டர் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் புது விண்டோஸில் ஆக்டிவேட் செய்யும்போது தகராறு செய்யும்.
- தமிழ் ஃபான்ட்: பத்திரிகை, ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைகளின் பழைய ஃபைல்கள் பாமினி, வானவில் போன்ற ஃபான்ட்டில் இருக்கும். ஃபான்ட் இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் எடுத்து வையுங்கள்.
- சி டிரைவில் நேரடியாகப் போட்ட ஃபோல்டர்கள்.
- டிஜிட்டல் சிக்னேச்சர்: ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரி ஆபீஸ்களில் ஜிஎஸ்டிக்கும் ஏற்றுமதி வேலைக்கும் பயன்படுத்தும் யுஎஸ்பி டோக்கனில் சான்றிதழ் டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது, அது போகாது. டோக்கனின் டிரைவர் சாஃப்ட்வேரை மட்டும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

ப்ரோக்ராம் ஃபைல்ஸை காப்பி செய்வதில் பலனில்லை. இன்ஸ்டால் செய்யும் ஃபைல் இல்லாத பழைய சாஃப்ட்வேர் திரும்பி ஓடாது. இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: மேகக் குறி போட்ட ஃபைல்கள் டிஸ்க்கில் இல்லவே இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. லினக்ஸிலிருந்து அவை வராது. பிரவுசரில் உள்ளே போய் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரைவ் பூட்டப்பட்டிருந்தால், அதாவது பிட்லாக்கர் ஆனில் இருந்தால், 48 இலக்க ரிகவரி கீ இல்லாமல் ஒன்றும் நடக்காது. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே இது தானாக ஆன் ஆகிவிடுகிறது, உரிமையாளருக்கே தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் டிவைசஸ் பக்கத்தில் அந்த எண் இருக்கும். போனிலிருந்தே பார்த்து எழுதி வையுங்கள்.

காப்பி முடிந்ததும் வெளி டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து போட்டோ, ஒரு வீடியோ, ஒரு எக்செல் ஃபைல் திறந்து பாருங்கள். ப்ராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கையையும் அளவையும் பழையதோடு ஒப்பிடுங்கள்.

எந்த வழியில் போடுவது

எங்கள் முதல் பரிந்துரை: பழைய டிஸ்க்கில் ஓஎஸ் போடவே போடாதீர்கள். 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கி அதில் போடுங்கள். பழைய டிஸ்க்கைத் தொடாமல் அப்படியே எடுத்து வையுங்கள். 2011 முதல் மாணவர்களுக்கு அரசு கொடுத்த லேப்டாப்கள் காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு என்று இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அதுமாதிரி பழைய லேப்டாப்பில் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உட்காரும், வேகமும் கூடும். கழற்றிய டிஸ்க்கை யுஎஸ்பி கேசிங்கில் போட்டால் அதுவே வெளி டிஸ்க். டெஸ்க்டாப்பின் 3.5 இன்ச் டிஸ்க்குக்குத் தனி பவர் அடாப்டர் உள்ள கேசிங் வேண்டும். டெஸ்க்டாப்பில் இரண்டு டிஸ்க்கும் இருக்கப்போகிறது என்றால், இன்ஸ்டால் முடியும்வரை பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைப் பிடுங்கி வையுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் தன் பூட் ஃபைல்களைப் பழைய டிஸ்க்கில் போட்டுவிடும். பிறகு அதைக் கழற்றினால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது.

டிஸ்க் நன்றாக இருக்கிறது, விண்டோஸும் திறக்கிறது என்றால் செலவில்லாத வழி, இன்ஸ்டால் பென்டிரைவை விண்டோஸுக்குள்ளிருந்தே திறந்து செட்டப்பை ஓட்டுவது. ஃபைல், சாஃப்ட்வேர் இரண்டையும் வைத்துக்கொள்ளும் ஆப்ஷன் இந்த வழியில் வரும், பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் வராது. அது மங்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் மொழியோ எடிஷனோ (ஹோம், ப்ரோ போன்ற வகை) பொருந்தவில்லை. செட்டிங்ஸில் இருக்கும் "ரீசெட் திஸ் பிசி"யில் "கீப் மை ஃபைல்ஸ்" கொடுத்தால் ஃபைல் இருக்கும், நாம் போட்ட சாஃப்ட்வேர் போய்விடும்.

விண்டோஸ் திறக்கவே இல்லை என்றால் பென்டிரைவிலிருந்து பூட். ஆன் செய்ததும் அழுத்த வேண்டிய கீ: டெல், லெனோவோ எஃப்12, எச்பி எஃப்9, ஆசஸ் லேப்டாப் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்ய, முதலில் எஃப்2 அழுத்தி பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் திரை) பூட் மெனுவை ஆன் செய்ய வேண்டும். ப்ராடக்ட் கீ கேட்டால் "என்னிடம் இல்லை" கொடுங்கள். முன்பு இருந்த அதே எடிஷனைப் போட்டால் இன்டர்நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். இங்கே விற்கும் லேப்டாப் பலவற்றில் இருப்பது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். ஆசைப்பட்டு ப்ரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. புது விண்டோஸ் 11 செட்டப்பில் எல்லாம் அழியும் என்று ஒரு டிக் கேட்கும். கீழே இருக்கும் "பழைய செட்டப்" லிங்கைச் சொடுக்கி, அதில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து வரும் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பகுதிகள்) திரையில்தான் பெரும்பாலான டேட்டா சாகிறது. விண்டோஸ் இருந்த பெரிய பார்ட்டிஷனை ஒரு தடவை சொடுக்கி, நெக்ஸ்ட். அவ்வளவுதான். டெலிட்டும் ஃபார்மட்டும் தொடக்கூடாது. பழைய விண்டோஸ், யூசர்ஸ் எல்லாம் விண்டோஸ் ஓல்ட் என்ற ஃபோல்டருக்குப் போகும் என்று எச்சரிக்கை வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். இதற்கு சி டிரைவில் 25 ஜிபியாவது காலி வேண்டும்.

"இந்த டிஸ்க் எம்பிஆர் முறையில் உள்ளது, ஜிபிடி வேண்டும்" என்று மறுத்தால் (இரண்டும் டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்கும் பழைய, புது முறைகள்), இன்டர்நெட்டில் முதலில் வரும் பதில் டிஸ்க்பார்ட் என்ற கமாண்டில் கிளீன் கொடுக்கச் சொல்லும். அந்தக் கட்டளை டி டிரைவ் உட்பட மொத்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்களையும் துடைத்துவிடும். பழைய விண்டோஸ் லெகசி என்ற பழைய பூட் முறையில் இருந்தது, பென்டிரைவ் யுஇஎஃப்ஐ என்ற புது முறையில் பூட் ஆகியிருக்கிறது, அதுதான் விஷயம். ரூஃபஸில் எம்பிஆர் தேர்ந்தெடுத்து மறுபடி பென்டிரைவ் செய்து, லெகசியில் பூட் செய்யுங்கள், பிரச்சினை போய்விடும். டிஸ்க்கே காட்டவில்லை என்றால், இன்டெல் 11-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய லேப்டாப்பில் விஎம்டி (இன்டெலின் டிஸ்க் கன்ட்ரோலர்) டிரைவர் தேவைப்படலாம். லேப்டாப் கம்பெனியின் சைட்டில் எடுத்து, பென்டிரைவில் போட்டு, அந்தத் திரையிலேயே "லோட் டிரைவர்" கொடுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். லேப்டாப் பேட்டரி செத்திருந்தால் இன்வெர்ட்டர் லைனில் செருகுங்கள்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 11 ஓட டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்), 4 ஜிபி ராம், பொதுவாக இன்டெல் 8-ம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். மேலே சொன்ன பழைய அரசு லேப்டாப்புக்கு இது எட்டாது. பிரவுசிங்கும் வீடியோவும் மட்டும்தான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் போடுவதே மேல்.

முடிந்த பிறகு

வைஃபை டிரைவர் இல்லாமல் இன்டர்நெட் வரவில்லை என்றால், ஆண்ட்ராய்ட் போனை கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள்; பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் அப்டேட் முடியும்வரை பழைய ஃபைல்களைத் திரும்பப் போட வேண்டாம்.

விண்டோஸ் ஓல்டுக்குள் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று வந்தால் கன்டின்யூ கொடுத்தால் போதும். 10 நாளில் விண்டோஸே அந்த ஃபோல்டரை அழித்துவிடலாம், அதனால் தேவையானதை முதல் நாளே வெளியே எடுத்துவிடுங்கள். ஆப்டேட்டாவை மொத்தமாகப் பழைய இடத்தில் ஒட்டாதீர்கள். பழைய கோளாறும் அதோடு வந்து சேரும். பழைய டிஸ்க்கைத் தனியாக எடுத்து வைத்தவர்கள், ஒரு ஜிஎஸ்டி மாதம் முழுசாக ஓடி எதுவும் குறையவில்லை என்று தெரிந்த பிறகு அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.