மொட்டைமாடியில் பிரண்டைக் கொடி: முதன்முறை வளர்ப்பவர்களுக்கு

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மல்லிகை கருகியது. அவரை பூக்காமலே போனது. உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர், கடற்காற்று, கால் வைக்க முடியாத வெயில். இத்தனையையும் பொறுத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து ஏறியது பிரண்டைதான். திராட்சைக் குடும்பத்துக் கொடி. நம் ஊர் வேலிகளில் தானாகவே படர்வது.

விதை தேட வேண்டாம். கீரைக் கடையில் துவையலுக்காக விற்கும் கட்டு ஒன்றை வாங்குங்கள். தளிர் சமையலுக்கு, நார் ஏறியதென்று தூக்கி எறியும் முற்றிய தண்டுதான் நடுவதற்கு. மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, அடிப்பக்கத்தில் நூல் கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தலைகீழாக நடுவீர்கள். நான் நட்டிருக்கிறேன்.

அடுத்தது பலரும் தாண்டிவிடும் வேலை. துண்டுகளை நிழலில் இரண்டு மூன்று நாள் சும்மா போட்டு வையுங்கள். வெட்டிய வாய் காய வேண்டும். பச்சையாக நட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அழுகிவிடும்.

அடியில் ஓட்டையுள்ள 12 அங்குலத் தொட்டி போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. காசிமேட்டில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். அதில் உப்பு இருக்கிறது. ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, ஒருமுறை நீர் ஊற்றுங்கள்.

இனி கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். விரலை விட்டுப் பார்த்து, உள்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். வேர்விட மூன்று நான்கு வாரம் ஆகலாம். பிடுங்கிப் பார்க்கக் கூடாது. என் முதல் செடி நவம்பர் மழையில் செத்தது. தொட்டிக்கு அடியில் அழகுக்காக வைத்திருந்த தட்டில் நீர் தேங்கியதுதான் காரணம். ஆகவே தை, மாசியில் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியைச் சன்ஷேடு ஓரம் நகர்த்திவிடுங்கள்.

கணுவில் பற்றுக்கம்பி வந்ததும் சணல் கயிறோ ஜன்னல் கிரில்லோ காட்டுங்கள். வழவழப்பான பிவிசி குழாயில் பிடி கிடைக்காது; கயிற்றைச் சுற்றிவிட்டால் ஏறும். கேபிள் ஒயர் பக்கம் போனால் உடனே திருப்புங்கள். எங்களுடையது எதிர்வீட்டு டிவி வரை போய்ச் சண்டை வாங்கித் தந்தது.

வாலில் கொம்பு வைத்த தடித்த புழு தெரிந்தால் கையால் எடுத்துப் போடுங்கள். மாவுப்பூச்சிக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் போதும்.

பறிக்கும்போது நுனியில் இரண்டு கணு மட்டும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரியுங்கள், அரிக்கும். நிறம் மாறும்வரை எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி தாராளமாக வைத்து அரையுங்கள். வதக்குமுன் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம்.