‘அடிஷனல் ஆயிட்டேன்’ என்றால் என்ன எழுதுவது? பழைய மாணவர் மலருக்குக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு

எங்கள் சட்டக் கல்லூரி பேட்ச்சின் வெள்ளி விழா மலரில் யார் யார் என்னவாக இருக்கிறார்கள் என்று எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போனதுதான் காரணம். ஒரு வருடம் அந்த வேலையைச் செய்ததில் பட்ட அடிகளை வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் கல்லூரிக்கும் இப்படி ஒரு மலர் வரப்போகிறது என்றால் உதவும்.

முதலில் பேட்ச் என்றால் சேர்ந்த வருடமா, முடித்த வருடமா என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டுப் படிப்பும் ஐந்தாண்டுப் படிப்பும் ஒரே கட்டடத்தில் நடந்த கல்லூரி என்றால் இது பெரிய தலைவலி. அரியர் வைத்து ஒரு வருடம் தள்ளி முடித்தவர்கள் இரண்டு பட்டியலிலும் வருவார்கள், அல்லது எதிலுமே வர மாட்டார்கள். நான் சேர்ந்த வருடத்தை வைத்துக்கொண்டேன். கூடவே ஒவ்வொருவரிடமும் என்ரோல்மென்ட் எண்ணையும், அதாவது வழக்கறிஞராகப் பதிவு செய்த எண்ணையும், கேட்டு வாங்கினேன். எண்ணோடு ஆண்டும் இருக்கும் என்பதால் ‘நான் இருபத்தைந்து வருட வக்கீல்’ என்று சொல்கிறவரின் கணக்கைச் சரிபார்க்கலாம்.

அப்புறம் தகவல் சேகரிப்பு. வாட்ஸ்அப் குழுவில் ‘உங்கள் சாதனைகளை அனுப்பவும்’ என்று போட்டேன். ஒன்பது பேர்தான் பதில் அனுப்பினார்கள், அதுவும் எல்லாமே ஒரே அச்சில் வார்த்த மாதிரி. மற்றவர்கள் ‘பெரிசா ஒண்ணும் இல்லப்பா’ என்றார்கள். கேள்வியை மாற்றினேன்: ‘சீனியர் பெயர் இல்லாமல், உங்கள் பெயரில் மட்டும் தாக்கல் செய்த முதல் வக்காலத்து என்ன வழக்கு?’ (வக்காலத்து என்பது கட்சிக்காரர் தன் வழக்கை நடத்த வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்.) அன்று இரவு பன்னிரண்டு மணி வரை குழு தூங்கவில்லை. குழந்தைகளுக்காகப் பதினோரு வருடம் கோர்ட் பக்கமே வராமல் இருந்த ஒரு தோழி, திரும்பி வந்ததும் போட்ட முதல் வக்காலத்து ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கு. கறுப்புக் கோட்டு தோளில் பிடித்ததால், பக்கத்துத் தையல்காரரிடம் காலையில் பிரித்துக் கொடுத்து, பத்தரைக்குள் வாங்கிக்கொண்டு ஓடினாராம். மலரில் எல்லாரும் படித்த குறிப்பு அதுதான்.

பதவிப் பெயர்களுக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். ஒரு நண்பன் போன் செய்து ‘அடிஷனல் ஆயிட்டேன்டா’ என்றான். எதில் அடிஷனல்? கூடுதல் அரசு வழக்கறிஞரா, கூடுதல் மாவட்ட நீதிபதியா, உயர் நீதிமன்றக் கூடுதல் நீதிபதியா? மூன்றும் மூன்று உலகம். கடைசியாகச் சொன்னது அரசியலமைப்பின் 224ஆம் பிரிவின்படி அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கான நியமனம். அதற்குப் பிறகு நிரந்தர நீதிபதியானால் அது தனிச் செய்தி, தனி வருடம். (நம் ஆள் அரசு வழக்கறிஞர்தான்.)

‘சீனியர்’ என்ற சொல்லும் அப்படியே. இரண்டு ஜூனியர் வைத்திருப்பவரை நாம் வாய் நிறைய சீனியர் என்கிறோம். ஆனால் அச்சில் ‘மூத்த வழக்கறிஞர்’ என்று போட வேண்டுமானால், 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ அந்தத் தகுதியைக் கொடுத்திருக்க வேண்டும். அதன்பிறகு அவர் வக்காலத்து போட முடியாது, அங்கியும் மாறிவிடும். எனவே எந்த நீதிமன்றம், எந்த வருடம் என்று கேளுங்கள். உச்ச நீதிமன்றத்தில் அட்வகேட் ஆன் ரெக்கார்டு, அதாவது அங்கே வக்காலத்து தாக்கல் செய்யும் உரிமை பெற்றவர், ஆனவரைத் தவறவிடாதீர்கள். நான்கு வருடத் தொழில், ஒரு வருடப் பயிற்சி, அதற்கு மேல் தேர்வு என்று தாண்டி வந்த ஆள். சம்பளத்துக்குக் கம்பெனியில் சேர்ந்த நண்பர்களை வழக்கறிஞர் என்று எழுதாதீர்கள். வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி முழுநேரச் சம்பள வேலையில் இருக்கும்வரை வக்கீல் தொழில் செய்ய முடியாது. ‘சட்ட ஆலோசகர்’ போதும்.

‘முதல் பெண்’ என்று யாராவது எழுதி அனுப்பினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள். அன்னா சாண்டி 1937இல் திருவிதாங்கூரில் முன்சீப் (கீழ்நிலை சிவில் நீதிபதி), 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. ஃபாத்திமா பீவி 1989இல் உச்ச நீதிமன்ற நீதிபதி. லீலா சேத் 1991இல் இமாச்சல் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி. ஒவ்வொருவரும் முதல் பெண்தான், எந்த நாற்காலியில் என்பதுதான் வேறு. நீதிமன்றமும் வருடமும் இல்லாத ‘முதல்’ வேண்டாம்.

என் பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நண்பனின் பெயரைக் கொலீஜியம் (நீதிபதி பதவிக்கு ஆட்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு) பரிந்துரைத்த செய்தி வந்ததும், அச்சுக்குப் போகும் அவசரத்தில் ‘உயர் நீதிமன்ற நீதிபதியானார்’ என்று போட்டுவிட்டேன். பரிந்துரை வேறு, குடியரசுத் தலைவரின் நியமன ஆணை வேறு, பதவியேற்பு வேறு. இடையில் மாதக்கணக்கில் ஆகலாம், நடக்காமலும் போகலாம். ஏழு மாதம் அவன் வழக்கறிஞர் சங்கப் பக்கமே வரவில்லை. ‘மை லார்ட்’ என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் பதவியேற்ற தேதி கைக்கு வராமல் நான் எழுதுவதில்லை.

அடைமொழிகளை வெட்டுங்கள். நீதியரசர் சதாசிவம் 1973இல் வழக்கறிஞராகப் பதிவு, 1996இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, 2007இல் உச்ச நீதிமன்றம், 2013இல் இந்தியத் தலைமை நீதிபதி. நான்கு வருடங்களைச் சொன்னாலே ஆள் எழுந்து நிற்கிறார். ‘சட்ட மாமேதை’ எதற்கு?

இன்னொரு காரணமும் உண்டு. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது பார் கவுன்சிலின் 36ஆம் விதி. நேரடியாகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது. பெயர்ப் பலகையில் ‘முன்னாள் நீதிபதி’ என்று போடவே அனுமதி இல்லை. ‘விவாகரத்து வழக்குகளில் நூறு சதவீத வெற்றி, தொடர்புக்கு…’ என்று ஒருவர் அனுப்பினார். அதைப் போட்டிருந்தால் நோட்டீஸ் அவருக்குத்தான் போயிருக்கும். அலுவலக முகவரி, செல்பேசி எண், ஜெயித்த வழக்குகளின் கணக்கு மூன்றையும் எடுத்துவிடுங்கள். தனியாக முகவரிப் பட்டியல் வேண்டுமென்றால் பேட்ச்சுக்குள் சுற்றட்டும்.

கடைசியாக, ப்ரூஃப். ஒவ்வொருவருக்கும் அவர் குறிப்பை மட்டும் அனுப்பி, ‘சரி’ என்று எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்ன சரி செல்லாது, நாமெல்லாம் வக்கீல்கள் இல்லையா? மறைந்தவர்களின் குறிப்பை வீட்டுக்கே எடுத்துப் போங்கள். எங்கள் பேட்ச்சில் நான்கு பேர். ஒருவருடைய மனைவி படித்துப் பார்த்து ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: அவர் பிராக்டிஸ் செய்தது இருபது வருடம் இல்லை, பத்தொன்பது.