இயற்பண்புவாதத்தைத் தலையெழுத்தாகப் படிக்காதீர்கள்

இயற்பண்புவாதம் (naturalism) என்ற இலக்கியப் போக்கின் பெயரைக் கேட்டதும் மலை, ஆறு, காடு என்று இயற்கையைப் பாடும் எழுத்து என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். செடியையும் விலங்கையும் ஆராய்கிற விஞ்ஞானியின் கண்ணால் மனிதனைப் பார்ப்பதுதான் இதன் பொருள். யதார்த்தவாதத்தின் இன்னொரு பெயர் என்று நினைப்பதும் சரியில்லை. வாழ்க்கையை உள்ளபடி காட்டுவதோடு இது நிற்பதில்லை. இந்த ஆளின் ரத்தத்தில் என்ன வந்தது, எந்தத் தெருவில் வளர்ந்தான், என்ன வேலை பார்த்தான் என்று காரணங்களைத் தோண்டிக்கொண்டே போகும்.

சரி, இவை சின்னக் குழப்பங்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற தவறு வேறு. இந்தப் போக்கின் முதன்மையான பிரெஞ்சு நாவலாசிரியரைப் பற்றி, "எமில் ஸோலாவின் மனிதர்கள் எல்லாரும் விதிப்படி அழிகிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. ஊழ், தலையெழுத்து என்ற சொற்கள் நம் நாக்கிலேயே இருப்பதால் இது நமக்குச் சுலபமாக வந்துவிடுகிறது. ஆனால் 1880-இல் வந்த 'சோதனை நாவல்' கட்டுரையில் ஸோலா இதை நேரடியாகவே மறுக்கிறார். மருத்துவ அறிஞர் கிளாத் பெர்னாரின் வழியில் அவர் சொல்வது இதுதான்: காரணம் எதுவானாலும் நடப்பது நடந்தே தீரும் என்பது விதிவாதம். இன்ன நிலைமை இருந்தால் இன்ன விளைவு வரும் என்பது காரணவாதம். நிலைமையை மாற்றினால் விளைவும் மாறும். மருத்துவர் நோயின் காரணத்தைத் தேடுவது குணப்படுத்தத்தானே?

1877-இல் வெளிவந்த ஸோலாவின் 'லசொம்வார்' நாவலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சலவைத் தொழிலாளி ஜெர்வேஸ் வாழ்க்கையில் கேட்பது ரொம்பக் கொஞ்சம். வேலை, சாப்பாடு, படுக்க ஒரு சுத்தமான இடம், அடிக்காத புருஷன், கடைசியில் தன் கட்டிலிலேயே சாவு. அவள் கணவன் கூப்போ கூரை வேய்கிறவன். அவனுடைய அப்பாவும் அதே தொழில்தான், குடிபோதையில் விழுந்து செத்தவர். அதனாலேயே கூப்போ சாராயத்தைத் தொடுவதில்லை. ஒருநாள் கீழே இருந்து மகள் கூப்பிட, திரும்பிப் பார்க்கிறான், கால் வழுக்கி விழுகிறான். ஜெர்வேஸ் அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறாள். சேமிப்பு கரைகிறது. படுத்துக் கிடந்த மாதங்களில் அவனுக்கு வேலை செய்யும் பழக்கமே விட்டுப்போகிறது. குடிக்காத எனக்கா இப்படி என்ற கசப்பு வளர்கிறது. அப்புறம்தான் குடி வருகிறது.

விபத்துக்காலத்தில் கூலிக்கு ஒரு வழி இருந்திருந்தால்? தெருவுக்குத் தெரு சாராயக்கடை இல்லாமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்விகள் எழ இடம் விட்டுத்தான் ஸோலா எழுதியிருக்கிறார். தலையெழுத்து என்று சொன்ன மறுநிமிஷம் அவை எல்லாம் அடைபட்டுப்போகின்றன. தன் ஆட்கள் கெட்டவர்கள் இல்லை, கடும் உழைப்பும் வறுமையும் உள்ள சூழல்தான் அவர்களைக் கெடுத்தது என்று நாவலின் முன்னுரையிலேயே அவர் எழுதினார்.

இதற்கு நேர்எதிரான தவறு, அவருடைய விஞ்ஞானத்தை அப்படியே நம்பிவிடுவது. பரம்பரை பற்றி அவர் படித்தவற்றில் பெரும்பகுதி இன்று செல்லாது. ஆய்வுக்கூடச் சோதனை என்கிற உவமையும் தாங்காது. நாவலில் முடிவைத் தீர்மானிப்பவர் எழுதுகிறவரேதான். ஆனால் அவருடைய கள வேலையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1884-இல் வட பிரான்சில் ஆன்ஸான் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அங்கே போய், சுரங்கத்துக்குள்ளும் இறங்கிப் பார்த்துவிட்டு வந்துதான் 'ஜெர்மினல்' எழுதினார்.

அந்த நாவலில் பரம்பரை ரத்தத்தில் மட்டும் வருவதில்லை. மாஹே குடும்பம் 106 வருஷமாக ஒரே கம்பெனிக்கு உழைக்கிறது. தாத்தா பொன்மோர் இருமிக் கறுப்பாகத் துப்புகிறார். ரத்தமா என்று கேட்டால், நிலக்கரி என்கிறார். அவர் சுரங்கத்துக்குள் இறங்குவதை விட்டு அப்போதே ஐந்து வருஷம் ஆகியிருந்தது.