கலப்புப் போருக்கு நடுவே சீர்திருத்தம்: எங்கே தொடங்குவது, எங்கே கை வைக்கக்கூடாது

"முதலில் இந்தப் போர் முடியட்டும், அப்புறம் சீர்திருத்தம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், எந்தத் தேதியில் முடியும் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வராது. ஒரு நாடு படையை மட்டும் நம்பாமல் இன்னொரு நாட்டை உள்ளிருந்தே குலைக்கப் பார்க்கும் இந்தக் கலப்புப் போரை யாரும் அறிவித்துத் தொடங்குவதில்லை. இணையத் தாக்குதல், வதந்தி, எரிவாயுவை வைத்து மிரட்டல், வாக்குக்குப் பணம் என்று அது வருடக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். நீங்கள் அமைச்சகத்தில் இருந்தாலும் சரி, கட்சியில் இருந்தாலும் சரி, நாலு பேர் சேர்ந்து நடத்தும் கண்காணிப்புக் குழுவில் இருந்தாலும் சரி, நல்ல காலம் பிறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முதல் வேலை, எதிரி எந்த வழியாக உள்ளே வருகிறான் என்று ஒரு தாளில் எழுதுவது. எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் அது உங்கள் ஊழல் பட்டியலாகவே இருக்கும். ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவே இருக்கும் மால்டோவாவைப் பாருங்கள். 2014-இல் அந்த நாட்டு வங்கிகளிலிருந்து சுமார் 100 கோடி டாலர் காணாமல் போனது. நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அது. அந்த வழக்கில் தண்டனை பெற்று வெளிநாட்டுக்குத் தப்பிய தொழிலதிபரும் அரசியல்வாதியுமான இலான் ஷோரின் வலைப்பின்னல்தான், 2024 தேர்தல் நேரத்தில் ரஷ்யாவிலிருந்து வந்த பணத்தை 1,30,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொண்டு சேர்த்தது என்று அந்நாட்டுக் காவல்துறை சொன்னது. அந்த அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் இலக்கை அரசியல் சாசனத்தில் எழுதலாமா என்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 'ஆம்' பெற்றது 50.35 சதவீதம்தான். பத்து வருடத்துக்கு முன் அடைக்காமல் விட்ட ஓட்டை வாக்குப்பெட்டி வரை வந்துவிட்டது. அதனால் நீதிமன்றம், வங்கி மேற்பார்வை, கட்சிகளுக்கு வரும் பணம், தொலைக்காட்சிகளின் உண்மையான உரிமையாளர் யார் என்பது, இவற்றில் எது உங்கள் நாட்டில் மிக மோசமோ அங்கே தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட்டால் எதுவும் நகராது.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, எதிரியின் வழியை அடைப்பதாகவும் இருக்க வேண்டும், சாதாரண ஆளுக்குக் கண்ணில் தெரிவதாகவும் இருக்க வேண்டும். நாட்டின் கிழக்கே ரஷ்ய ஆதரவுப் படைகளோடு சண்டை நடந்துகொண்டிருந்தபோதே உக்ரைன் 2015-இல் ஊழல் தடுப்புப் புலனாய்வு அமைப்பை நிறுவியது, 2016-இல் அரசுக் கொள்முதலை ப்ரோசோரோ என்ற திறந்த இணைய ஏலத்துக்கு மாற்றியது, 2019-இல் தனி ஊழல் தடுப்பு நீதிமன்றத்தைத் திறந்தது. இது நேர்க்கோட்டில் போன கதை இல்லை. 2025 ஜூலை 22-இல் அதே புலனாய்வு அமைப்பின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டம் நிறைவேறியது. ரஷ்யாவுடனான முழுப் போரின் நடுவிலும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், ஒன்பதே நாளில் நாடாளுமன்றம் பின்வாங்கியது. சட்டம் எழுதுவதோடு வேலையை முடித்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அந்த அமைப்பு என்ன செய்கிறது என்று மக்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அதைக் காப்பாற்ற ஆள் வரும்.

அடுத்தது கட்டுப்பாடுகள். பலர் சறுக்குவது இங்கேதான், நல்லவர்களும் சேர்த்து. ஒரு சேனலை நிறுத்த வேண்டும், ஒரு கட்சியைத் தடுக்க வேண்டும் என்ற நிலை உண்மையிலேயே வரலாம். அப்போது அவசர நிலையின் பெயரால் ஏதோ ஒரு குழு முடிவெடுப்பது சுலபமாகத் தெரியும். செய்யாதீர்கள். சாதாரணச் சட்டத்தில் அதற்கு இடம் வேண்டும், நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும், முடிவு தேதி வேண்டும், ஆதாரம் மக்கள் முன் வர வேண்டும். ருமேனியாவில் 2024 டிசம்பர் 6-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதிபர் தேர்தலின் முதல் சுற்றையே ரத்து செய்தது, அதுவும் இரண்டாம் சுற்றுக்கு இரண்டே நாள் முன்னால். தேர்தலில் வெளித் தலையீடு இருந்ததாகச் சொன்ன உளவுத்துறை ஆவணங்கள் வெளியானதும் அதற்கு இரண்டு நாள் முன்புதான். முடிவு சரியா தவறா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். என் கருத்து, ஆதாரம் மாதக்கணக்கில் முன்பே வந்திருந்தால் அந்தக் கோபத்தில் பாதி இருந்திருக்காது.

இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: இந்த அதிகாரம் நாளைக்கு உங்கள் எதிரணி கையில் போனால் உங்களுக்குத் தூக்கம் வருமா? ஜார்ஜியாவில் 2024-இல் 'வெளிநாட்டுச் செல்வாக்கு' என்ற சொல்லை வைத்துத்தான் சட்டம் கொண்டுவந்தார்கள், அது பாய்ந்தது அரசைக் கேள்வி கேட்ட அமைப்புகள் மீது.

தேர்தலில் காகிதத்தை விடாதீர்கள். 2014 மே மாதம் உக்ரைன் தேர்தல் ஆணையத்தின் கணினிகளுக்குள் புகுந்து ஒரு போலி முடிவைத் திணித்தார்கள். ஆணையம் அதைப் பிடித்துவிட்டது, ஆனாலும் ரஷ்யத் தொலைக்காட்சி அதைக் காட்டியது. வாக்குச்சீட்டுகள் கையில் இருந்ததால் உண்மையான முடிவு அசையவில்லை. தைவானில் ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டி, உரக்கப் படித்து எண்ணுகிறார்கள், யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். எஸ்தோனியா 2005 முதல் இணையத்தில் வாக்களிக்கிறதே என்று கேட்பீர்கள். அதற்கு அடியில் நாடு முழுவதும் புழங்கும் மின்னணு அடையாள அட்டை இருக்கிறது, அது இல்லாமல் வாக்களிக்கும் பக்கத்தை மட்டும் எடுத்து வந்தால் வம்புதான். இன்னொன்று, தேர்தலுக்கு ஒரு வருடத்துக்குள் அடிப்படைத் தேர்தல் விதிகளை மாற்றக்கூடாது என்பது ஐரோப்பிய கவுன்சிலின் சட்ட ஆலோசனைக் குழுவான வெனிஸ் ஆணையத்தின் பரிந்துரை. எதிரணி வாயில் அவல் போடாதீர்கள்.

வதந்திக்குப் பதில் சொல்வதில் வேகம் முக்கியம், ஆனால் யாரிடம் சொல்கிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். பக்கத்து நாட்டுச் சேனலைப் பார்க்கும் சிறுபான்மையினரை எதிரியாக நடத்தினால் அவர்கள் அந்தச் சேனலிலேயே தங்கிவிடுவார்கள். எஸ்தோனியா 2015-இல் பொது ஒளிபரப்பிலேயே ரஷ்ய மொழிச் சேனல் தொடங்கியது. தாமதம்தான், ஒரு சோவியத் சிலையை இடம் மாற்றியதை ஒட்டி 2007-இல் கலவரமும் இணையத் தாக்குதலும் நடந்து எட்டு வருடம் கழித்து.

எரிவாயு, மின்சாரக் கட்டணச் சீர்திருத்தம் இருந்தால் உதவித்தொகை வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகே கட்டணத்தை உயர்த்துங்கள், இல்லையென்றால் மக்களின் கோபத்தை எதிரி பயன்படுத்திக்கொள்வான்.

கடைசியாக, நீங்கள் எழுதும் ஒவ்வொரு கட்டுப்பாட்டிலும் மறு ஆய்வுக்கான தேதியைச் சட்டத்துக்குள்ளேயே போடுங்கள். அந்த நாளில் அரசு நாடாளுமன்றத்துக்கு வந்து, இது இன்னும் ஏன் தேவை என்று விளக்கி வாக்கெடுப்பு கேட்க வேண்டும். வரவில்லையென்றால் அது தானாகக் காலாவதி ஆகிவிட வேண்டும்.