ஏரியா போட்டோ போட்டிக்கு மொபைலில் படம் எடுப்பது எப்படி?

குடியிருப்போர் சங்கம் 'நம்ம ஏரியா இயற்கை' என்று போட்டோ போட்டி வைத்தால், பெரிய கேமரா இல்லையே என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். மொபைலே போதும். ஒரே இடத்துக்கு நாலைந்து நாள் போய் நிற்கப் பொறுமை இருந்தால் நல்ல படம் கிடைத்துவிடும்.

1. விதிமுறையைப் படியுங்கள்

எத்தனை படம், எந்த எல்லைக்குள், எவ்வளவு எடிட்டிங், கடைசித் தேதி. இந்த நான்கையும் குறித்துக்கொண்டால் போதும்.

2. இடமும் நேரமும்

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு ஏரி, குளம், கடற்கரை அல்லது ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் பாதிப் படம். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த, சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையே எடுத்துக்கொள்வோம். வேளச்சேரி - தாம்பரம் சாலை அதற்கு மேற்கே இருக்கிறது. காலையில் அங்கே நின்றால் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். பறவைகள் கருநிழலாகத்தான் விழும். அதே இடத்தில் மாலை ஐந்து மணிக்கு நில்லுங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து போய், நாரையின் இறகு ஒவ்வொன்றிலும் விழும். இரண்டுமே நல்ல படம்தான், எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

3. மொபைலைத் தயார் செய்யுங்கள்

லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் சென்னைக் காற்றில் லென்ஸ் பனி படிந்தாற்போல மங்கும்; ஒரு பத்து நிமிடம் விடுங்கள். கேமரா செட்டிங்கில் 'கிரிட்' கோடுகளைப் போடுங்கள், கடல் சாயாமல் இருக்கும். எடுக்க வேண்டியதை விரலால் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் நிற்கும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் வெளுத்துப்போன வானத்துக்கு நிறம் திரும்பும். விரலால் விரித்து ஜூம் செய்யாதீர்கள், படம் உடைந்துவிடும்.

4. காத்திருங்கள்

ஜூம் இல்லாமல் பறவையை எப்படி எடுப்பது? பழகிய பறவையாகப் பாருங்கள். மடையான் என்கிற சிறு கொக்கு ஏறக்குறைய எல்லா நீர்நிலையிலும் இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறத்தில், இருப்பதே தெரியாது. எழும்பும் நொடியில் இரண்டு சிறகும் வெள்ளைவெளேர் என்று விரியும். அந்த நொடிக்குத் தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும் 'பர்ஸ்ட்' வசதியைப் பயன்படுத்துங்கள். நான் இதற்காக மூன்று சாயங்காலம் ஒரே கரையில் உட்கார்ந்தேன்; கிடைத்தபோது வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. அதைப் பறக்க வைக்க மட்டும் கல்லெறியாதீர்கள்.

கூடு, குஞ்சு பக்கம் போக வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பெசன்ட் நகர், நீலாங்கரை கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். அங்கே ஃபிளாஷும் டார்ச்சும் கூடவே கூடாது. முட்டையிலிருந்து வரும் ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித்தான் நகரும். நம் வெளிச்சத்தைப் பார்த்தால் கடலுக்குப் போகும் வழி தவறிவிடும்.

வலை பிரிக்கிறவர்களை எடுப்பதென்றால், "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். எடுத்ததை அவரிடமும் காட்டுங்கள்.

5. தேர்வு, எடிட்டிங்

அன்றே தேர்ந்தெடுக்காமல் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சாய்வைச் சரிசெய்து, ஓரத்தை வெட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும். கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் கவரை ஏஐ வைத்து அழிக்காதீர்கள். அதுவும் நம் ஏரிதான், படத்தில் இருக்கட்டும்.

6. அனுப்புதல்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் அளவு சுருங்கிவிடும். ஒருமுறை என் படம் இப்படிச் சுருங்கி, அச்சிடும்போது மங்கிப்போனது. 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது மெயிலில். கூடவே இரண்டு வரி: எங்கே, எந்த நாள், என்ன உயிரினம். பெயர் தெரியாவிட்டால் பக்கத்தில் பறவை பார்க்கிறவர் யாரிடமாவது கேட்டுச் சரிபார்த்து எழுதுங்கள்.