பதக்கம் பதிவில் விட்டுப்போனால்: அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் திருத்த மனுவில் செய்யும் தவறுகள்

அமெரிக்க ராணுவத்திலிருந்து விலகும் ஒவ்வொருவர் கையிலும் டிடி 214 என்ற தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். எந்தப் படைப்பிரிவு, என்ன வேலை, வெளிநாட்டில் எத்தனை காலம், என்னென்ன பதக்கம் என எல்லாம் அதன் கட்டங்களுக்குள் இருக்கும். வியட்நாம் போரின் உச்சக் காலத்தில் கொடுத்த தாளில் பதக்கங்களுக்கு 24-ம் கட்டம். 1979-க்குப் பிறகு வந்த தாள்களில் 13-ம் கட்டம். உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்த இருபது வயதுப் பையன்கள் அந்தக் கட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டு நிற்கவில்லை. எழுபது வயதில், பேரப்பிள்ளைகள் கேட்கும்போது எடுத்துப் பார்த்தால் இருக்கவேண்டிய ஒரு வரி அங்கே இருக்காது.

அந்த வரியைச் சேர்க்க வழி இருக்கிறது. தரைப்படைக்கு ராணுவப் பதிவுத் திருத்த வாரியம் என்று ஒன்று உண்டு. கடற்படைக்கும் மரைன் படைக்கும் சேர்த்து ஒரு வாரியம், விமானப்படைக்கு ஒன்று, கடலோரக் காவல்படைக்கு ஒன்று. டிடி 149 என்ற படிவத்தில் மனு எழுத வேண்டும். ராணுவத்தில் வேலை பார்க்கும் சிவிலியன்கள் மூன்று பேர் கொண்ட குழு அதைப் பார்த்து முடிவு சொல்லும். பெயர் விவரங்களை நீக்கிவிட்டு இந்த முடிவுகளைப் பொதுவில் வெளியிடுகிறார்கள். அவற்றைப் படித்தால் மனம் கனத்துப்போகும். நியாயமான கோரிக்கை வைத்திருந்தும் கேட்ட விதத்தால் தோற்றவர்கள் அத்தனை பேர்.

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். மனு போடுகிறவர் தன் வீரத்தை நிரூபிக்கப் பார்க்கிறார். வாரியமோ பதிவேடு சரியாகவே இருக்கும் என்ற அனுமானத்தோடுதான் கோப்பைத் திறக்கிறது. அது சரியில்லை என்று காட்டும் பொறுப்பு மனுதாரருடையது. வாரியம் தானாகக் கிளம்பிப் போய் விசாரிக்காது. நீங்கள் வைக்கும் காகிதங்களை எடைபோட்டு, எந்தப் பக்கம் கனம் கூடுதல் என்று பார்க்கும், அவ்வளவுதான்.

எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்பது

பதக்கக் கோரிக்கைகள் மூன்று ரகம். முதல் ரகத்தில் பதக்கம் அந்தக் காலத்திலேயே வழங்கப்பட்டிருக்கும், உத்தரவும் வெளியாகியிருக்கும். ஆனால் உத்தரவு டைப் ஆகி வருவதற்குள் ஆள் விமானம் ஏறியிருப்பார், தாளில் ஏறியிருக்காது. வியட்நாமில் இது சர்வசாதாரணம். அந்த உத்தரவின் நகல் கிடைத்தால் வேலை முடிந்த மாதிரிதான். 1965 முதல் 1973 வரை வெளியான பதக்க உத்தரவுகளுக்கு ராணுவத்தின் மனிதவளத் துறையிடம் கணினி அட்டவணையே இருக்கிறது. அங்கே கிடைக்கவில்லை என்றால் அந்த டிவிஷனின் ஜெனரல் ஆர்டர்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடலாம்.

இரண்டாவது ரகம் தகுதியின் பேரில் வருபவை. விதியில் சொன்ன நிபந்தனைகள் எல்லாம் பொருந்தினால் கிடைக்கும். ஒன்று பொருந்தாவிட்டாலும் கிடைக்காது. காலாட்படையினருக்கான கம்பாட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ், காயம்பட்டவர்களுக்கான பர்ப்பிள் ஹார்ட் இரண்டும் இந்த ரகம். இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பர் 7-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையில் காலாட்படை பேட்ஜ் வாங்கியவர்களுக்கு ஒரு ப்ரான்ஸ் ஸ்டார் (வெண்கல நட்சத்திர) பதக்கமும் உரியது. இது பல குடும்பங்களுக்கு இன்றும் தெரியாது. தாத்தாவின் பழைய தாளில் அந்த பேட்ஜ் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

மூன்றாவது ரகம்தான் கடினம். வீரச்செயலுக்கான சில்வர் ஸ்டார், அதற்கு மேற்பட்டவை. யாரோ ஒருவர் பரிந்துரை எழுதி, அது மேலே போய், தளபதி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பரிந்துரையே எழுதப்படவில்லை என்றால் திருத்துவதற்குப் பதிவு எதுவும் கிடையாது. அப்போது போகவேண்டிய வழி வேறு. சம்பவத்தை நேரில் பார்த்தவரோ அன்றைய மேலதிகாரியோ இப்போது புதிதாகப் பரிந்துரை எழுத, அதை ஒரு காங்கிரஸ் உறுப்பினர் மூலம் ராணுவத்துக்கு அனுப்ப வேண்டும். கால வரம்பு கடந்த பரிந்துரைகளுக்கென்றே சட்டத்தில் இந்த வாசல் இருக்கிறது. தனக்குத் தானே பரிந்துரை எழுதிக்கொள்ள முடியாது.

காப்டன் பாரிஸ் டேவிஸ் கதையைப் பார்த்தால் இது எவ்வளவு கடினம் என்று புரியும். 1965 ஜூனில் வியட்நாமின் போங் சோன் அருகே, தானும் காயம்பட்ட நிலையில், விழுந்து கிடந்த சகாக்களை மீட்டவர். ராணுவத்தின் மிக உயர்ந்த மெடல் ஆஃப் ஹானருக்கு அவரை மேலதிகாரி பரிந்துரைத்தார். அந்தக் காகிதங்கள் காணாமல் போயின. மறுபடி அனுப்பச் சொன்ன பிறகும் எதுவும் நடக்கவில்லை. கூட இருந்தவர்கள் விடாமல் முயன்றதால் 2023 மார்ச்சில்தான் அது அவர் கழுத்துக்கு வந்தது. முறையான பரிந்துரை இருந்தவருக்கே ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஆக, மனுவின் முதல் வரியிலேயே எது வேண்டும், எந்த ரகம் என்று தெளிவாக இருக்க வேண்டும். "எனக்கு உரிய எல்லாப் பதக்கங்களையும் தரவும்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. பதக்கத்தோடு ஓய்வூதியம், பதவி உயர்வு, விடுவிப்பின் தன்மையை (கௌரவமான விடுவிப்பா இல்லையா என்பதை) மாற்றுவது என்று எல்லாவற்றையும் ஒரே மனுவில் அடைப்பதும் வேண்டாம். விலகிப் பதினைந்து ஆண்டுகளுக்குள் விடுவிப்பின் தன்மையை மாற்றக் கேட்பவர்களுக்கு டிடி 293 என்று தனிப் படிவமே உண்டு.

நேராக வாரியத்துக்குப் போவது

கீழ்மட்டத்தில் தீர்க்கக்கூடியதை அங்கே கேட்காமல் வாரியத்துக்கு அனுப்பினால், முதலில் அங்கே போய்வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாதங்கள் வீண். முதலில் எஸ்எஃப் 180 படிவத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பணியாளர் ஆவண மையத்திடம் முழுக் கோப்பையும் கேளுங்கள். டிடி 214 மட்டும் போதாது. வியட்நாம் காலத்தவருக்கு டிஏ 20 என்ற பணி அட்டை இருக்கும். அதில் 38-ம் கட்டம் எந்தத் தேதியில் எந்தப் பிரிவில், எந்த வேலையில் இருந்தார் என்பதைச் சொல்லும். 40-ம் கட்டம் காயங்கள். 41-ம் கட்டம் பதக்கங்கள். 41-ல் எழுதியிருப்பது 214-ல் இல்லை என்றால் அது வெறும் எழுத்தர் பிழை. மனிதவளத் துறையே திருத்திக் கொடுத்துவிடும்.

குடும்பத்தார் கேட்பதானால் இன்னொரு சிக்கல். பணிவிலகி 62 ஆண்டுகள் ஆகாத கோப்பை அவரோ, அவர் இறந்திருந்தால் நெருங்கிய உறவினரோதான் கேட்க முடியும். மறுமணம் செய்யாத துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் அந்தக் கணக்கில் வருவார்கள். பேரப்பிள்ளைகள் வரமாட்டார்கள். ஆர்வமாகத் தேடுகிற பேத்தி தன் அம்மாவையோ அப்பாவையோ கையெழுத்துப் போட வைக்க வேண்டும்.

எரிந்துபோச்சு என்று விட்டுவிடுவது

1973 ஜூலை 12-ம் தேதி செயின்ட் லூயிஸ் மையத்தில் தீப்பிடித்தது. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் எண்பது சதவீதம் போய்விட்டது. விமானப்படைக் கோப்புகளிலும் பெரிய இழப்பு. அவற்றுக்கு வேறு பிரதியோ மைக்ரோஃபிலிமோ இல்லை.

இந்தப் பதில் வந்ததும் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். அது பெரிய தவறு. எரிந்தது ஒருவருடைய தனிக் கோப்புதான். அவர் இருந்த கம்பெனி தினமும் எழுதிய காலை அறிக்கை என்று ஒன்று உண்டு. யார் காயம்பட்டார், யார் மருத்துவமனைக்குப் போனார், யார் திரும்பினார் என்று அதில் இருக்கும். 1942-45, 1950-54 காலத்து மருத்துவமனைச் சேர்க்கை விவரங்களும் வேறிடத்தில் தப்பின. முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் அவர் எப்போதோ போட்ட பழைய உரிமைக் கோரிக்கையின் கோப்பில் அசல் தாள்களின் நகல் இருக்கக்கூடும். தீயைக் காரணம் காட்டி வாரியம் தானாகச் சலுகை தந்துவிடும் என்று நம்ப வேண்டாம். மற்ற இடங்களில் தேடிய தடயம் மனுவில் தெரிய வேண்டும்.

தன்னுடையது அல்லாத பேட்ஜைக் கேட்பது

மனத்தை உறுத்தும் இடம் இதுதான். 1943-ல் உருவான காலாட்படை பேட்ஜுக்கு மூன்று நிபந்தனைகள்: காலாட்படை வேலைக் குறியீடு, பிரிகேட் அல்லது அதைவிடச் சிறிய காலாட்படைப் பிரிவில் பணி, அந்தப் பிரிவு தரைச்சண்டையில் இருந்தபோது ஆள் நேரில் கலந்துகொண்டிருப்பது. சண்டை போட்டது மட்டும் போதாது. வியட்நாமில் காலாட்படை கம்பெனியோடு காட்டுக்குள் நடந்து, குண்டு விழவேண்டிய இடத்தை ரேடியோவில் சொன்ன பீரங்கிப் படைக்காரர், பக்கத்தில் நின்ற துப்பாக்கிக்காரர் பட்ட அதே பாடுதான் பட்டார். ஆனாலும் பேட்ஜ் அவருக்குக் கிடையாது. இன்ஜினியர், மிலிட்டரி போலீஸ், டிரக் ஓட்டுநர் எல்லோருக்கும் இதே கதை.

இவர்களுக்காகத்தான் 2005-ல் கம்பாட் ஆக்‌ஷன் பேட்ஜ் வந்தது. ஆனால் 2001 செப்டம்பர் 18-க்குப் பிந்தைய சண்டைகளுக்கு மட்டும். வியட்நாம்காரர்கள் வெளியே நிற்கிறார்கள். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் விதியை மாற்றுவது வாரியத்தின் வேலை இல்லை. இந்தக் கோபத்தை மனுவில் கொட்டினால் பலன் கிடையாது. ஒருவருக்கு இரண்டு வேலைக் குறியீடு இருந்து, காலாட்படைக் குறியீட்டில் உண்மையிலேயே வேலை பார்த்த மாதங்கள் பணி அட்டையில் தெரிந்தால், அங்கே வழக்கு இருக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

(2008 முதல் 2016 வரை நடந்த மாவ்னி திட்டத்தில், குடியுரிமை இல்லாதவர்களை மொழித்திறனுக்காகவும் ராணுவத்தில் சேர்த்தார்கள், ஏற்கப்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. அப்படிச் சேர்ந்த நம்மவர்கள் காலாட்படை அல்லாத வேலையில் போர்முனைக்குப் போயிருந்தால், புதிய பேட்ஜின் விதிதான் அவர்களுக்குப் பொருந்தும். காகிதங்களை இப்போதே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.)

காயத்தை மட்டும் காட்டுவது

பர்ப்பிள் ஹார்ட்டுக்குத் தழும்பின் புகைப்படத்தை அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். தழும்பு காயத்தைக் காட்டும். காயத்தின் காரணத்தைக் காட்டாது. எதிரியின் செயலால் ஏற்பட்டது, மருத்துவ அதிகாரியின் சிகிச்சை தேவைப்பட்டது, அந்தச் சிகிச்சை பதிவாகியிருக்கிறது என மூன்றும் வேண்டும். ஜீப் கவிழ்ந்தது, வெயிலில் மயங்கியது, மன அழுத்த நோய் இவை விதியிலேயே விலக்கப்பட்டவை. நலத்துறை ஊனத்துக்குப் பணம் தருகிறதே என்று சிலர் அந்தக் கடிதத்தை இணைப்பார்கள். நலத்துறை பார்ப்பது பணிக்காலத்தில் வந்த பாதிப்பா என்பதை. எதிரியால் வந்ததா என்பது அங்கே கேள்வியே இல்லை.

இங்கேதான் சகாக்களின் சாட்சிக் கடிதம் கைகொடுக்கும், ஒழுங்காக எழுதினால். "அவர் நல்ல வீரர், காயம்பட்டார், பதக்கத்துக்கு முழுத் தகுதியானவர்" என்று மூன்று பேர் ஒரே வார்த்தைகளில் கையெழுத்திட்டு அனுப்பினால், யாரோ டைப் செய்து கொடுத்தது என்று பார்த்தவுடன் தெரியும். இப்படி இருக்கட்டும்: "நான் இரண்டாம் பிளட்டூனில் ரேடியோ சுமந்தேன். ஓடையைக் கடந்து ஏறும்போது மார்ட்டார் விழுந்தது. அவர் எனக்கு இடப்பக்கம் பத்தடி தள்ளி இருந்தார். முழங்கைக்கு மேல் சில்லு பாய்ந்தது. மெடிக் கட்டுப்போட்டார், இருட்டுவதற்கு முன் ஹெலிகாப்டரில் ஏற்றினோம். அவர் கம்பெனிக்குத் திரும்ப மூன்று வாரம் ஆனது." அந்த மூன்று வாரத்தைக் காலை அறிக்கையில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். சாட்சியின் சொந்த டிடி 214 நகலையும் சேர்த்தால் அவர் அதே பிரிவில் இருந்தது உறுதியாகும். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதட்டும். தேதி தவறாகச் சொல்லி, அது அறிக்கையோடு முரண்பட்டால் கடிதம் முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

காலக்கெடுவும் மறுப்பும்

பிழை தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும் என்பது சட்டம். அதைப் படித்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டாம். நியாயத்தை முன்னிட்டு தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு, அதை அடிக்கடி பயன்படுத்தவும் செய்கிறது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். எப்போது தெரியவந்தது, ஏன் இப்போது கேட்கிறீர்கள் என்று இரண்டு வரி உண்மையாக எழுதினால் போதும். படிவத்தில் கையெழுத்து போட மறப்பவர்களும் உண்டு. அது அப்படியே திரும்பி வரும். அசல் ஆவணங்களை அனுப்பவே கூடாது.

மறுத்துவிட்டால் அதே காகிதக் கட்டை மறுபடி அனுப்புவதில் பயனில்லை. மறுபரிசீலனைக்கு, வாரியம் முன்பு பார்க்காத சான்று ஏதாவது வேண்டும். மறுப்பு உத்தரவை வரிவரியாகப் படியுங்கள். எந்த நிபந்தனைக்குச் சான்று இல்லை என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். கென்டக்கியைச் சேர்ந்த கார்லின் கானர் 1945 ஜனவரியில் பிரான்சில் செய்த தீரச்செயலுக்கு மெடல் ஆஃப் ஹானர் கேட்டுப் போட்ட மனுவை வாரியம் 1997-ல் நிராகரித்தது. கானர் 1998-ல் காலமானார். பிறகு கண்ணால் பார்த்த மூவரின் வாக்குமூலங்கள் கிடைத்தன. காலம் கடந்துவிட்டது என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் அவர் மனைவி பாலின் விடவில்லை. வழக்கு சமரசத்துக்குப் போய், மறுபடி வாரியத்துக்கே வந்தது. 2018 ஜூனில் வெள்ளை மாளிகையில் அந்தப் பதக்கத்தை அவரே வாங்கிக்கொண்டார்.

முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். பத்து மாதத்துக்குள் தொண்ணூறு சதவீத மனுக்களை முடிக்க வேண்டும் என்பது வாரியத்துக்குச் சட்டம் வைத்த இலக்கு. சாதகமாக வந்தால் பெரும்பாலும் புது டிடி 214 வராது. டிடி 215 என்ற திருத்தத் தாள்தான் வரும். அதில் பெயர், பணி எண், பதக்கத்தின் சரியான பெயர் மூன்றையும் அன்றே சரிபாருங்கள். பழைய தாளோடு அதைச் சேர்த்தே வையுங்கள், ஏனென்றால் நலத்துறையோ கல்லறை நிர்வாகமோ கேட்கும்போது 214-ஐ மட்டும் நீட்டினால், சேர்த்த வரி அவர்கள் கண்ணில் படாது.